அலாஸ்கா கடல் வேட்டை: எண்ணுவது யார், வரம்பிடுவது யார்?

அமெரிக்க நாடாளுமன்றம் 1972ஆம் ஆண்டு இயற்றிய கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், திமிங்கிலம், கடல்நாய், வால்ரஸ், துருவக்கரடி முதலிய எல்லாவற்றையும் கொல்வதற்குப் பொதுத் தடை விதிக்கிறது. அலாஸ்காவில் கடலை ஒட்டி வாழும் பூர்வகுடி மக்களுக்கு மட்டும் அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. வாழ்க்கைத் தேவைக்காகவோ, மரபான கைவினைப் பொருள்களும் உடைகளும் செய்வதற்காகவோ, வீணடிக்காமல் அவர்கள் வேட்டையாடிக்கொள்ளலாம். எத்தனை விலங்குகள், எந்தப் பருவத்தில், எந்தக் கருவியால் என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் விடையில்லை. அரசு தலையிட்டு வரம்பு விதிக்கலாம் என்று ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் அந்த விலங்குக் கூட்டம் குன்றிவிட்டது என்று முறைப்படி அறிவித்த பிறகுதான் அந்த அதிகாரம் அரசுக்கு வருகிறது.

ஒரு முனையில் முழு விலக்கு, மறுமுனையில் முழுக் கட்டுப்பாடு, நடுவில் வெற்றிடம். விலங்குகள் குறையத் தொடங்கி, ஆனால் இன்னும் குன்றிவிட்டதாக அறிவிக்கப்படாத அந்த ஆண்டுகளில்தான் எதையாவது செய்தால் பலன் இருக்கும். அந்த ஆண்டுகளில் அரசின் கை கட்டப்பட்டிருக்கிறது. அரசும் பூர்வகுடி அமைப்புகளும் சேர்ந்து வேட்டையை நிர்வகிக்கும் கூட்டு மேலாண்மை என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சில காலமாகப் படித்துவரும் எனக்கு, அதன் உண்மையான பயன் இந்த வெற்றிடத்தை நிரப்புவதில்தான் இருக்கிறது என்று படுகிறது. பூர்வகுடிகள் திமிங்கிலத்தைக் கொல்லலாமா கூடாதா என்ற விவாதம் இணையத்தில் போதுமான அளவு நடக்கிறது. அதில் இறங்க எனக்கு விருப்பமில்லை.

சட்டத்தின் 119ஆம் பிரிவு 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதுதான் சேர்க்கப்பட்டது. கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கவும் வாழ்வாதார வேட்டையைச் சேர்ந்து நிர்வகிக்கவும் பூர்வகுடி அமைப்புகளுடன் அரசுத் துறைகள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதற்கு நிதியும் வழங்கலாம் என்று அது அனுமதிக்கிறது. கவனிக்க வேண்டிய சொல் 'செய்துகொள்ளலாம்' என்பதே. செய்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்தப் பிரிவு பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. பின்னால் வந்தவை எல்லாவற்றுக்கும் முன்மாதிரி அதுதான். அதன் கதை ஓர் எண்ணிக்கைச் சண்டையில் தொடங்குகிறது.

அலாஸ்காவின் வடமேற்கு, வடக்குக் கரைகளில் வாழும் இனுப்பியாட் மக்களும், செயின்ட் லாரன்ஸ் தீவின் யூப்பிக் மக்களும் போஹெட் என்னும் பெருந்தலை வடதுருவத் திமிங்கிலத்தைப் பல தலைமுறைகளாக வேட்டையாடி வருகிறார்கள். அந்தத் திமிங்கிலங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியவர்கள் அவர்கள் அல்லர். 1848இல் முதல் அமெரிக்க வணிக வேட்டைக் கப்பல் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே சென்றது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், எண்ணெய்க்காகவும், இரையை வடிகட்ட வாயில் இருக்கும் தகடுகளுக்காகவும் ஆயிரக்கணக்கான போஹெட்டுகள் கொல்லப்பட்டன. வணிக வேட்டை ஓய்ந்த பிறகு எஞ்சியவற்றைக் கொண்டு கிராமங்கள் தங்கள் வேட்டையைத் தொடர்ந்தன. 1970களில் வேட்டைக் குழுக்களின் எண்ணிக்கை கூடியது. ஈட்டி பட்டும் கைக்கு அகப்படாமல் பனிக்கு அடியில் மறைந்துபோகும் திமிங்கிலங்களும் கூடின. 1977 ஜூன் மாதம் கான்பெராவில் கூடிய பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், பூர்வகுடிகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, போஹெட் வேட்டையை முற்றிலும் நிறுத்தியது. அறிவியலாளர்களின் அன்றைய மதிப்பீட்டின்படி, மிஞ்சியிருந்தவை அதிகபட்சம் இரண்டாயிரத்தைத் தாண்டாது.

கிராமங்கள் கொதித்துப்போயின. படகுத் தலைவர்கள் ஒன்றுகூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் பன்னாட்டு ஆணையம் சற்றே இறங்கி வந்து, 1978ஆம் ஆண்டுக்குப் பன்னிரண்டு திமிங்கிலங்களைக் கரை சேர்க்கலாம் அல்லது பதினெட்டைத் தாக்கலாம், இரண்டில் எது முதலில் நிறைவடைகிறதோ அத்துடன் நிறுத்த வேண்டும் என்று ஒதுக்கியது. அத்தனை கிராமங்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான். வேட்டைக்காரர்களின் மறுப்பு மிக எளிமையானது: உங்கள் கணக்கு தப்பு. நீங்கள் எண்ணுவது கரைக்கு அருகில் உள்ள திறந்த நீரில் தலைகாட்டுபவற்றை மட்டும். இன்னும் தொலைவில் கண்ணுக்கு எட்டாமல் போகிறவை இருக்கின்றன. பனித்தளம் மூடிக்கொண்டாலும் அடியில் நீந்திச் சென்று, உச்சந்தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு வாங்குகிறவை இருக்கின்றன.

இதை ஒரு தற்காப்பு வாதமாகத் தள்ளிவிடுவது அறிவியலாளர்களுக்கு எளிதாக இருந்திருக்கும். தள்ளிவிடாததற்குக் காரணம், வட சரிவு மாவட்ட நிர்வாகம் என்ற உள்ளூர் அரசாங்கம் எண்ணெய் வரி வருவாயைக் கொண்டு சொந்தமாக ஒரு வனவிலங்குத் துறையை நடத்தியதும், அதில் பணிபுரிந்த தாமஸ் ஆல்பர்ட் என்ற அறிவியலாளர் ஹாரி பிரவர் சீனியர் என்ற மூத்த வேட்டைத் தலைவரிடம் பாடம் கேட்டதும்தான். பிரவர் சொன்னதைச் சோதிக்கத்தக்க கேள்விகளாக மாற்றினார்கள். உத்கியாக்விக் ஊருக்கு அருகே, கரையோடு உறைந்து நிற்கும் பனித்தளத்தின் விளிம்பில், பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கி உயர்ந்த மேடுகளில் ஏறி நின்று, வசந்தத்தில் கடக்கும் திமிங்கிலங்களை முறைவைத்து இரவு பகலாக எண்ணினார்கள். அந்தப் பருவத்தில் அங்கே இருட்டு என்பதே குறைவு. பனி விளிம்பிலிருந்து நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி, திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்து, ஒவ்வொரு குரலும் எத்திசையில் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். திறந்த நீர்த்தடம் மூடிக்கொண்டு, மேட்டில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு திமிங்கிலமும் தென்படாத நாள்களிலும் ஒலிவாங்கிகளில் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கடப்பவற்றின் குரலும் கேட்டது.

முறை திருந்தத் திருந்த மதிப்பீடும் உயர்ந்தது. 2001ஆம் ஆண்டு எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011இல் ஏறத்தாழ 16,900. வேட்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூட்டம் பெருகியிருக்கிறது. இதை மரபறிவு அறிவியலை வென்ற கதையாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது முழுக்க ஒப்புதல் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். பார்த்ததை, இந்த ஊரை ஒருபோதும் பார்த்திராத பன்னாட்டுக் குழுவும் ஏற்கத்தக்க எண்ணாக மாற்றியது அறிவியல். ஒன்றில்லாமல் மற்றொன்று பன்னாட்டு ஆணையத்தில் எடுபட்டிருக்காது. இந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை: 2019இல் பனி மேட்டிலிருந்து எண்ணியதும் விமானத்திலிருந்து எண்ணியதும் ஒன்றுக்கொன்று சில ஆயிரங்கள் வேறுபட்டன, மனிதர் நின்று எண்ணுவதற்கு நம்பிக்கையான பனித்தளம் வசந்தத்தில் அமைவதே இப்போது உறுதியில்லை.

1981இல் அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமும் வேட்டை ஆணையமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படித்தால், அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். மொத்த வரம்பைப் பன்னாட்டு ஆணையம் விதிக்கிறது. அதற்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்கிறது. அதைக் கிராமங்களுக்குப் பங்கிடுவது, படகுத் தலைவர்களைப் பதிவு செய்வது, எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது, நடந்ததை அறிக்கையாகத் தருவது, விதி மீறியவரைத் தண்டிப்பது எல்லாம் வேட்டை ஆணையத்தின் பொறுப்பு. அது தவறினால்தான் அரசு நேரடியாக நுழையும். இன்று அதில் பதினொரு கிராமங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு அறுபத்தேழு தாக்குகள் என்ற அளவில் வரம்பு நிற்கிறது. ஓர் ஊர் தன் பங்கைப் பயன்படுத்த முடியாமல் போனால், மிச்சத்தை இன்னோர் ஊருக்கு மாற்றிக் கொடுக்கலாம். காற்று திசைமாறி நீர்த்தடம் மூடிவிட்ட ஊரிலிருந்து, இன்னும் வேட்டைக்கு வாய்ப்புள்ள ஊருக்குப் போகும் அந்த மாற்றத்தை வாஷிங்டனில் உள்ள ஓர் அலுவலகம் நேரத்தோடு செய்து முடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கணக்கில் ஏறுவது கரை சேர்ந்த திமிங்கிலம் மட்டுமன்று, ஈட்டி பட்ட ஒவ்வொன்றும்தான் என்பது இந்த ஏற்பாட்டின் மிகக் கூர்மையான பகுதி. தப்பிப்போன ஒன்றும் ஊரின் பங்கிலிருந்து கழியும். இதனால், குறிதவறாமல் இருப்பதும், அடிபட்டதை இழக்காமல் இருப்பதும் ஒவ்வொரு குழுவின் சொந்த நலனாகிவிடுகிறது. கறுப்பு வெடிமருந்து நிரப்பிய பழைய வெடிமுனைகளுக்குப் பதிலாக, நார்வேயில் உருவாக்கப்பட்ட, பென்த்ரைட் என்ற வலிய வெடிபொருள் நிரப்பிய வெடிமுனைகளை ஆணையமே தருவித்து, படகுத் தலைவர்களுக்குப் பயிற்சியளித்தது. விலை கூடுதல், ஆனால் திமிங்கிலம் விரைவில் இறக்கும், மூழ்கித் தொலைவது குறையும். 1970களில் தாக்கப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி கைக்கு வராமல் போயின. அண்மைக் காலத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரை சேர்கின்றன.

கரை சேர்ந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு திமிங்கிலத்தைக் கயிறும் கப்பியும் கட்டி ஊரே சேர்ந்து பனிமேல் இழுத்துப் போட்டதும், வெட்டத் தொடங்குவதற்கு முன் வனவிலங்குத் துறை உயிரியலாளர் அளவு நாடாவுடன் வருகிறார். படகுத் தலைவரின் இசைவோடு நீளம் அளக்கிறார். வெட்டு நடக்க நடக்கக் கண், காது, இரைப்பை, சூற்பை எனத் தமக்கு வேண்டியதைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறார். மற்றவை மரபு முறைப்படி தலைவருக்கும் குழுவுக்கும் உதவியவர்களுக்கும் பிரிகின்றன. ஒரு பகுதி ஜூன் மாத நலுக்காதாக் விழாவில் ஊருக்கே வழங்கப்படுவதற்காக நிலத்தடிப் பனிக்கிடங்கில் இறங்குகிறது. இப்படி எடுத்த கண்களின் வில்லைகளைக் கொண்டு வயதைக் கணித்தபோதுதான் சில போஹெட்டுகள் நூறாண்டைத் தாண்டியவை, ஒன்று இருநூறையும் தாண்டியது என்று தெரியவந்தது. 2007இல் வேட்டையாடப்பட்ட ஒன்றின் உடலில் புதைந்திருந்த உலோகத் துண்டு, 1800களின் பிற்பகுதியில் நியூ பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைத் துறைமுகத்தில் செய்யப்பட்ட வெடியீட்டியின் பகுதி. இந்த இனத்தைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, வேட்டைக்காரர்கள் தங்கள் உணவை வெட்டும் இடத்தில் இன்னொருவரை நிற்க விட்டதால் கிடைத்தது.

அரசியல் தனியாக நடந்துகொண்டிருந்தது. 2002இல் ஜப்பானின் ஷிமோனோசெகியில் கூடிய பன்னாட்டு ஆணையத்தில் ஜப்பானும் அதன் ஆதரவு நாடுகளும் போஹெட் ஒதுக்கீட்டைத் தோற்கடித்தன. திமிங்கிலங்களின் நிலைக்கும் அந்த வாக்குக்கும் தொடர்பில்லை, தங்கள் கரையோர வேட்டைக்கு அமெரிக்கா இசையவில்லை என்பதுதான் ஜப்பானின் குறை. சில மாதங்களில் சிறப்புக் கூட்டம் அதைச் சரிசெய்தது. கூட்டு மேலாண்மையில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒரு சமூகம், தான் உட்காராத மேசையில் பேரம்பேசும் பொருளாகலாம் என்பதை அந்தக் கிராமங்கள் மறக்கவில்லை. 2018இல் பிரேசிலில் நடந்த கூட்டத்தில், உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் ஒதுக்கீடு தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற ஏற்பாட்டை அவர்கள் வற்புறுத்திப் பெற்றதன் பின்னணி இதுதான்.

இனி, ஒப்பந்தம் உரிய காலத்தில் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். அலாஸ்காவின் மிகப் பெரிய நகரமான ஆங்கரேஜ் அமைந்திருப்பது குக் இன்லெட் என்னும் நீண்ட கடற்கழியின் தலைப்பில். அங்கே பெலுகா என்னும் வெண்ணிறத் திமிங்கிலங்களின் தனித்த கூட்டம் ஒன்று வாழ்கிறது. 1994இல் அரசு எடுத்த கணக்கில் ஏறத்தாழ 650, 1998இல் 347. நான்கே ஆண்டுகளில் பாதி. வேட்டையில் கழிக்கரையின் டையோனெக் என்ற பழைய பூர்வகுடிக் கிராமம் எடுத்தது சொற்பம். மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து நகரத்துக்குக் குடிவந்திருந்த பூர்வகுடி வேட்டைக்காரர்கள் எடுத்ததே பெரும்பகுதி. ஆங்கரேஜில் அந்த இறைச்சியும் தோலும் விற்பனையாகின. இவற்றில் எதுவும் சட்ட விரோதம் இல்லை. கூட்டம் குன்றிவிட்டதாக அறிவிக்கப்படாததால், அரசால் வரம்பு விதிக்க முடியவில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ள அனுமதிக்கும் 119ஆம் பிரிவு அதே 1994இல் கைக்கு வந்துவிட்டது; இருந்தும் சரிவு நடந்த ஆண்டுகளில் கட்டுப்படுத்தக்கூடிய ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை. பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்பதால் ஒரே அமைப்பின் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படும் நிலையும் இல்லை. உத்கியாக்விக்கில் படகுத் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், ஒருவர் மீறினால் அடுத்தவரின் பங்கு குறையும், நகரத்தில் அப்படியில்லை.

1999இல் வேட்டைக்காரர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் குக் இன்லெட் பெலுகாவை வேட்டையாடக் கூடாது என்று நாடாளுமன்றமும் அவசரமாகச் சட்டமியற்றியது. மறு ஆண்டு குன்றிய கூட்டம் என்ற அறிவிப்பு வந்தது. அதன்பின் எடுக்கப்பட்டவை கைவிரல்களில் அடங்கும். கடைசி வேட்டை 2005இல். 2008இல் இந்தக் கூட்டம் அழிவுறும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. ஐந்தாண்டுச் சராசரி 350க்குக் கீழே இருக்கும்வரை வேட்டைக்கு இடமில்லை என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. வேட்டை நின்றது, பெலுகாக்கள் மீளவில்லை. துறைமுகம், கப்பல் இரைச்சல், கழிவுநீர், இரையின் அளவு என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. நிறுத்தியதற்கான விலையை முதலில் கொடுத்தது டையோனெக். கழியைப் பயன்படுத்தும் மற்றவர்கள் அதே அளவு கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வால்ரஸ் விஷயத்தில் அதே வெற்றிடத்தைக் கிராமங்கள் தாங்களே நிரப்பியிருக்கின்றன. செயின்ட் லாரன்ஸ் தீவின் கேம்பெல், சவூங்கா ஆகிய இரு யூப்பிக் ஊர்களிலும், 1930களிலேயே வேட்டைக்கு ஊர்க்கட்டுப்பாடு இருந்ததுண்டு. எஸ்கிமோ வால்ரஸ் ஆணையம் 1978இல் அமைந்தது. 2010இல் இரு ஊர்களின் பழங்குடி அரசுகளும், ஒரு படகு ஒரு பயணத்தில் நான்கு வால்ரஸுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று ஊர்ச்சட்டம் இயற்றின. கூட்டாட்சி அரசு இதைக் கேட்டுக் கட்டளையிடவில்லை, கட்டளையிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. வீணடிக்கக் கூடாது என்பதைத் தவிர, தந்தங்களுக்கு முத்திரைக் குறி இடுவதும் கணக்கெடுப்பதும் மட்டுமே கூட்டாட்சி விதிக்குள் வரும். ஊர்ச்சட்டத்தை ஊர்தான் காக்க வேண்டும், காவலருக்கான சம்பளத்துக்கு ஆண்டுதோறும் வாஷிங்டனின் நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் இருவரில் ஒருவரிடம் மட்டும் பணப்பெட்டி இருப்பது இந்த ஏற்பாடு முழுவதிலும் உள்ள கோணல்.

2014 செப்டம்பரில் பாயின்ட் லே ஊருக்கு அருகே ஏறத்தாழ 35,000 வால்ரஸ்கள் கரையேறின. ஓய்வெடுக்கக் கடலில் பனி இல்லாததால் அவை இப்படி நெருக்கியடித்துக்கொண்டு கரையில் கிடக்கின்றன. ஒரு விமானம் தாழப் பறந்தால் போதும், மிரண்டு கடலுக்குப் பாயும் கூட்டத்தின் காலடியில் குட்டிகள் நசுங்கிச் சாகும். ஊரார் படகு இயந்திரச் சத்தத்தைக் குறைத்து, செய்தியாளர்களும் பார்வையாளர்களும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கூட்டாட்சி வனவிலங்குத் துறை விமானங்களை விலகிப் பறக்கச் சொன்னது. வேட்டையை நிர்வகிக்க உருவான உறவு, வேட்டையே இல்லாத ஓர் அவசரத்துக்கு இப்படிப் பயன்பட்டது.

கூட்டு மேலாண்மைக்கு எட்டாத இடங்களும் உண்டு. யானைத் தந்தக் கடத்தலைத் தடுக்கக் கலிபோர்னியா 2016இல் நடைமுறைப்படுத்திய சட்டம் வால்ரஸ் தந்தத்தையும் சேர்த்தே தடைசெய்கிறது. 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்த கைவினைப் பொருளை, அலாஸ்கா செதுக்குக் கலைஞர் அந்த மாநிலத்தில் விற்பது இதனால் சிக்கலாகிவிட்டது. 2013இல் காற்றும் பனியும் சாதகமாக அமையாமல் கேம்பெல், சவூங்கா இரண்டிலும் வால்ரஸ் வேட்டை பொய்த்தபோது, அலாஸ்கா ஆளுநர் அதைப் பொருளாதாரப் பேரிடராக அறிவித்தார். நான்கு என்ற வரம்பைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ தீரக்கூடிய சிக்கலாக அது இல்லை. பனி விலக விலகப் பெரிங் நீரிணையில் கப்பல் போக்குவரத்தும் கூடுகிறது. 2018இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் முன்மொழிந்ததை ஏற்று, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு அங்கே கப்பல் வழித்தடங்களை வகுத்தது; செயின்ட் லாரன்ஸ் தீவைச் சுற்றியுள்ள கடலைக் கப்பல்கள் தவிர்க்க வேண்டிய பகுதியாகவும் குறித்தது. வால்ரஸ் வேட்டைக்காரர் நான்குக்கு மேல் கொண்டுவந்தால் ஊர்ச்சட்டம் அவரைக் கேட்கும். கப்பல்களைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடு விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருக்கிறது.